நான் தனியாக நட்ட கழி

1. பையில் வந்த படகு

படகைப் பையில் போட்டுத் தூக்கி வந்த மனிதரை நான் முதன்முதலாகப் பார்த்தது என் வேலையின் முதல் நாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்வேலிக்கு வேலையாக வந்திருந்த ஒரு ஜெர்மன் துரை, கிள்ளைக்குப் பக்கத்தில் பிச்சாவரம் படகுத் துறையில் ஜீப்பை நிறுத்தி, இரண்டு பெரிய கேன்வாஸ் பைகளை இறக்கினார். ஒன்றிலிருந்து மரச்சட்டங்களாக எடுத்து மாட்டினார். இன்னொன்றிலிருந்து ரப்பர் பூசிய துணியை எடுத்து அதன்மேல் இழுத்துப் போர்த்தினார். அரை மணி நேரத்தில் மீன் மாதிரி ஒல்லியாக ஒரு படகு தண்ணீரில் நின்றது. இரண்டு பக்கமும் தட்டை வைத்த ஒரே துடுப்பு. அவர் பெயரைச் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. படகின் பெயர் 'கயாக்' என்றார், அது மட்டும் நுழைந்தது.

என்னை வேலைக்கு வைத்தவர் சிதம்பரத்து ஆள். முதலாளி என்றே எழுதுகிறேன். சுரபுன்னைக் காட்டைப் பார்க்க ஜனங்கள் வர ஆரம்பித்த காலம் அது. அவர் மூன்று தோணிகளை வாங்கி, வருகிறவர்களை ஏற்றிக் காட்டுக்குள் சுற்றிக் காட்டும் தொழிலைத் தொடங்கினார். நான் மீனவக் குடும்பம், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன், நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவேன். எங்கள் குடும்பத்தில் முதல் மாதச் சம்பளக்காரன் நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கதைக்கு அது தேவைப்படும்.

துரை ஒரு வருடம் ஞாயிறுதோறும் வந்தார். ஊருக்குத் திரும்பிப் போகும்போது கயாக்கை முதலாளிக்கே விட்டுவிட்டுப் போனார். அதற்குள் அதை ஓட்ட நான் கற்றுக்கொண்டிருந்தேன். மூன்று தடவை கவிழ்ந்தேன். மூன்று தடவையும் கரையில் நின்று சிரித்தவன் என் மச்சான் தேசிங்கு, என் மனைவி கன்னியம்மாவின் தம்பி.

2. நீச்சல் தெரியுமா என்று கேட்காதே

வருகிறவர்கள் எல்லாத் தினுசிலும் வருவார்கள். பண்ருட்டியிலிருந்து முந்திரி வியாபாரிகள் குடும்பத்தோடு வருவார்கள். சிதம்பரத்தில் படிக்கிற பையன்கள் வருவார்கள். கோயிலுக்கு வந்த இடத்தில் இதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மடிசார் கட்டிய மாமிகள் வருவார்கள். யாரை எங்கே உட்கார வைப்பது, யார் கையில் துடுப்பைக் கொடுப்பது என்பதுதான் என் வேலையில் பாதி.

ஆரம்பத்தில் "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெண்சாதி பக்கத்தில் நிற்கும்போது எந்த ஆம்பளையும் தெரியாது என்று சொல்ல மாட்டான். அதனால் கேட்பதை விட்டேன். கயிற்றை அவிழ்க்கிற சாக்கில், "சார், இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று துடுப்பை நீட்டுவேன். விளக்குமாறு மாதிரி பிடித்தால் தோணிக்கு நடுவில் உட்கார வைப்பேன். உலக்கை மாதிரி பிடித்தால் அமைதியான வாய்க்காலில் கொஞ்ச தூரம் தள்ள விடுவேன். அகலமாகப் பிடித்து, தட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிறவருக்கு மட்டும் கயாக். அப்படிப்பட்டவர்கள் மாதத்துக்கு ஒருவர் வந்தால் ஜாஸ்தி. இந்த வித்தையைப் பற்றி நான் பெருமையடித்துக்கொள்ளாத ஆள் இல்லை.

தேசிங்கு கடலுக்குப் போகிறவன். மதியத்துக்கு மேல் சும்மா இருக்கிற நேரத்தில் என்னிடம் கூலி வேலைக்கு வருவான். காட்டுக்குள் வாய்க்காலின் மேல் கிளைகள் சாய்ந்து வருகிறவர்கள் முகத்தில் அடிக்கும். அதை வெட்டிவிடச் சொல்லி நான்தான் அவனை அனுப்பினேன். அதில் தில்லை மரமும் இருந்தது. தில்லைப் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் பேசத் தொடங்கிய பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும், பார்த்துத்தான் வெட்டினான். இருந்தும் வலது கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்துவிட்டது. கண் வீங்கி, ஒரு வாரம் இருட்டு அறையில் கிடந்தான். கன்னியம்மா பிள்ளை பெற்ற வீடாகப் பார்த்துப் போய்த் தாய்ப்பால் வாங்கி வந்து அவன் கண்ணில் விட்டாள். வீக்கம் வடிந்தது. பார்வை பழையபடி இருக்கிறது என்று அவனே சொன்னான். மறுபடி கடலுக்குப் போனான், ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை.

3. இரண்டு கழி

முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சம் புரியாது.

காட்டுத் தண்ணீர் கடலில் சேர்கிற அந்த வாயில் மணல் திட்டு ஒவ்வொரு வருடமும் இடம் மாறும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் போன பிறகு, தை மாதத்தில் ஊர் கூடி ஆழமான வழி எது என்று கழி விட்டுப் பார்த்து, இரண்டு சவுக்குக் கழிகளை நடுவார்கள். ஒன்று கரையில் உயரமாக, தலையில் பானை கவிழ்த்தது. இன்னொன்று திட்டின் ஓரத்தில் தண்ணீருக்குள், தலையில் பனை ஓலை கட்டியது. கடலிலிருந்து வருகிறவன் ஓலையும் பானையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கழி போலத் தெரிகிற இடத்துக்கு மரத்தைக் கொண்டுவந்து, அப்படியே நேரே உள்ளே விட வேண்டும். மரம் என்றால் கட்டுமரம். வெளியே போகும்போது கழி வேண்டாம், ஓட்டமே வழியில் இழுத்துக்கொண்டு போகும். திரும்பும்போதுதான் உயிர் அந்தக் கழிகளில் இருக்கிறது.

அந்த ஓலைக்கழியை ஒருவன் தனியாக நடக் கூடாது. ஒருவன் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவன் கடலில் மரத்தில் நின்று பார்த்து, நேராக வந்ததும் துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். நிற்கிற இடத்தில் பத்தடி தப்பினால் மரம் திட்டின் மேல் ஏறும். ஏதோ காரணத்துக்காக யாராவது கழியைப் பிடுங்கினால், அன்று சாயந்திரமே மாரியம்மன் கோயில் வாசலில் வந்து சொல்ல வேண்டும். உடனே இரண்டு பேர் போய்ச் சரிபார்ப்பார்கள். வந்து சொன்னவனுக்கு அபராதம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

4. பங்குனி ஞாயிறு

மெட்ராசிலிருந்து ஒரு வக்கீல், மனைவியோடும் உறவுக்காரர்களோடும் வந்தார். முதலாளிக்கு வேண்டப்பட்டவர். துடுப்பை நீட்டினேன். அழகாக அகலமாகப் பிடித்தார், தட்டையைத் திருப்பிப் பார்த்தார். படகு கிளப்பில் பல வருடம் துடுப்புப் போட்டவராம். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கயாக்கைக் கொடுத்தேன்.

ஆனால் கிளப்பில் போடுகிற துடுப்பு வேறு. அங்கே போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துடுப்பு படகிலேயே மாட்டியிருக்க, இழுப்பார்கள். அவர் கைக்குத் துடுப்பு தெரியும், கடல் தெரியாது. என் வித்தை அதைக் கண்டுபிடிக்கவில்லை.

காட்டுக்குள் நன்றாகத்தான் வந்தார். முகத்துவாரம் பார்க்க வேண்டும் என்றார். யாரையும் கயாக்கில் அங்கே விடுவதில்லை என்பது என் சட்டம். ஆனால் முதலாளி கிளம்பும்போதே, "அவுரு என்னா கேக்குறாரோ அதச் செய்" என்று சொல்லியிருந்தார். நான் எட்டுப் பேரோடு தோணியில் முன்னே போக, அவர் பின்னே வந்தார். தண்ணீர் வற்றி வெளியே ஓடுகிற நேரம். திட்டுக்குப் பக்கத்தில் நான் தோணியைத் திருப்பினேன். அவரால் திருப்ப முடியவில்லை. ஓட்டம் அவரை என்னைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. முதல் அலையிலேயே துடுப்பு கையை விட்டுப் போயிற்று, கயாக் குறுக்கே திரும்பித் தண்ணீர் ஏறியது.

எட்டுப் பேரோடு நான் அலைக்குள் போக முடியாது. தோணியைத் திட்டில் ஏற்றி, யாரும் எழுந்திருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன். இடுப்பளவு தண்ணீர். அவர் எனக்கு மூன்று ஆள் தூரத்தில் இருந்தார். கையில் நீட்ட ஒன்றுமில்லை. பக்கத்தில் ஓலைக்கழி நின்றது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கி நீட்டினேன். அவர் முதலில் ஓலையைப் பிடித்தார், அது கிழிந்தது. பிறகு கட்டையைப் பிடித்தார். கயாக்கோடு சேர்த்து அவரைத் திட்டுக்கு இழுத்துவிட்டேன்.

அதைச் செய்ததற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. உயிரா கழியா என்றால் உயிர்தான்.

அடுத்துச் செய்ததுதான் தப்பு. வக்கீலின் மனைவி தோணியில் அழுதுகொண்டிருந்தார். வக்கீல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கழி இருந்த குழி கலங்கின தண்ணீரில் தெரியவில்லை. காலால் துழாவினேன், மணல் அதற்குள் மூடிவிட்டது. இந்த இடம்தான் என்று ஒரு குத்துமதிப்பில் கழியை ஊன்றி, மிதித்து இறுக்கிவிட்டு, கிழிந்த ஓலையை மறுபடி முடிந்தேன். சாயந்திரம் தேசிங்கைக் கூட்டி வந்து துண்டு காட்டச் சொல்லிச் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

துறைக்கு வந்ததும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"கழியப் பத்தி யாருகிட்டயும் மூச்சு வுடாத. உங்க ஊர்க்காரனுங்களுக்கு ஏற்கெனவே நம்ம மேல காண்டு. படகே வுடக் கூடாதுன்னுடுவானுங்க. அப்புறம் நீயும் வலையத் தூக்கிக்கிட்டுதான் போவணும்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. வலையைத் தூக்குவது அப்போது எனக்குக் கேவலமாகப் பட்டது. என் அப்பன், பாட்டன், தேசிங்கு எல்லாரும் தூக்கிய வலைதான்.

தேசிங்கு துறையிலேயே நின்றுகொண்டிருந்தான். நனைந்த வேட்டியோடு நான் நிற்பதைப் பார்த்து அருகில் வந்தான்.

"என்னா மாமா, மொகம் ஒரு மாதிரி இருக்குது. மொகத்துவாரத்துல ஏதாவது ஆச்சுங்களா?"

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், "ஒண்ணுமில்ல மச்சான், எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றேன்.

அப்போது வக்கீலின் மனைவி, உயிரைக் காப்பாற்றிய பிள்ளை சிதம்பரம் வரை கூட வரட்டும், டாக்டரிடம் காட்டும்போது துணையாக இருக்கட்டும் என்றார். காரில் முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். அதுவரை நான் காரில் ஏறியதில்லை. டாக்டர் பார்த்து, ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, எல்லாரும் என்னைப் புகழ்ந்து முடிக்கும்போது கிள்ளைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. கழி நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. காலையில் முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

5. பழைய குழி

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஊர் துறையில் கூடியிருந்தது. தேசிங்கைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழக்கமாகக் கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்று சின்ன மரத்தில் தனியாகப் போயிருக்கிறான். சீக்கிரமே கரை திரும்பியிருக்கிறான், அவன்தான் முதல் ஆள். மரம் திட்டில் ஏறி, அலை புரட்டி, கட்டை தோளில் இறங்கியிருக்கிறது. வலது தோள் எலும்பு நொறுங்கிப் போயிருந்தது. வலியிலும் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. ஒண்ணாத்தான் தெரிஞ்சுது."

எல்லாரும் அவனோடு போனார்கள். கன்னியம்மா தலைவிரி கோலமாகக் கட்டிலோடு ஓடினாள். நான் மட்டும், மரம் ஒதுங்கியிருக்கும், பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தோணியை எடுத்தேன்.

தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. பழைய குழி நான் நட்ட கழிக்குத் தெற்கிலா வடக்கிலா என்று தேட வேண்டிய வேலையே இல்லை. முழங்கால் தண்ணீரில், கழியை இறுக்க ஊரார் போட்டிருந்த செங்கல் துண்டுகள் வட்டமாகத் தெரிந்தன. நான் ஊன்றிய இடம் அங்கிருந்து பன்னிரண்டு அடி தள்ளி இருந்தது. அளந்தேன், என் அடியால். பிடுங்கி, பழைய குழியில் நட்டு, செங்கல்லைச் சுற்றி அடைத்தேன். என் காலடித் தடத்தைத் தண்ணீரே அழித்துவிட்டது.

மதியம் பஞ்சாயத்தார் போய்ப் பார்த்தார்கள். கடலில் ஒருவன் மரத்தில் நின்று துண்டைத் தூக்கினான். கழி இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக இருந்தது.

பிறகு என்ன சொல்வார்கள்? போன வருடத்துத் தில்லைப் பால் இப்போது வேலையைக் காட்டிவிட்டது என்றார்கள். வெளியே ஆறினாலும் உள்ளே கண்ணைத் தின்றுகொண்டே இருக்குமாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் மூட முயன்றதும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு ஊரே மேலும் சோறு போட்டு மூடிக் கொடுத்தது.

ஆறு மாதத்தில் தோள் கூடிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான். ஆனால் கடலுக்குப் போகவில்லை. போகச் சொன்னவர்களிடம், கூட வருகிறவனையும் சேர்த்துக் கொன்றுவிடுவேன் என்று சொன்னான். மரத்தை விற்றான். காடாம்புலியூரில் முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டான். எங்கள் ஜாதியில் கடல் கண்ணுக்கே தெரியாத ஊரில் முந்திரிக் கொட்டைப் பாலில் விரல் வெந்துபோய் உட்கார்ந்திருந்தது அவன் ஒருவன்தான். மாசி மகத்துக்கு மட்டும் கிள்ளைக்கு வருவான். சாமி தீர்த்தவாரிக்குக் கடலில் இறங்கும்போது எல்லாரும் இறங்குவார்கள். அவன் மணலிலேயே நிற்பான்.

சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். முதல் வருடம் வேலைக்குப் பயந்தேன். பிறகு கன்னியம்மாவுக்குப் பயந்தேன். அவளுக்கு அவன் தம்பி மட்டுமில்லை, தூக்கி வளர்த்த பிள்ளை. அதற்கும் பிறகு, இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்ற ஒரே கேள்விக்குப் பயந்தேன். முதலாளி படகுத் தொழிலை விட்டார், கயாக்கின் துணி மட்கிக் கிழிந்தது, நான் வேறு படகுகளில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றேன். பயம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

6. பஸ் நிறுத்தம்

கன்னியம்மா போன பதினாறாம் நாள் காரியத்துக்குத் தேசிங்கு வந்தான். கிழவனாகியிருந்தான், நானும்தான். காரியம் முடிந்து அவனைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். கிள்ளை நிறுத்தத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. அங்கே சொன்னேன். கழியைப் பிடுங்கியது, தனியாக நட்டது, துறையில் அவன் கேட்டபோது பொய் சொன்னது, மறுநாள் பழைய குழியில் திரும்ப வைத்தது, எல்லாம்.

கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். பாலடித்த வலது கண்ணால் மட்டும் ரோட்டைப் பார்த்தான். தொலைவில் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. எனக்குச் சைக்கிள் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"பின்னாடி கூடை கட்டியிருக்கான். கூடை மேல ஊதாத் துணி" என்றான்.

கையை எடுக்காமல் நின்றான். சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. மீன் கூடை, மேலே ஊதாத் துணி.

"கை ஆறு மாசத்துல சரியாப் போயிடுச்சு மாமா. கையால நான் கடலுக்குப் போவாம நிக்கல. ரெண்டு கழியும் ஒண்ணாத் தெரிஞ்சும் மரம் திட்டுல ஏறுச்சே, நம்ம கண்ணு நமக்கே பொய் சொல்லுதுன்னுதான் நின்னுட்டேன். வூட்டுக்குள்ளகூட ஒரு பொருள எடுக்கணும்னா ரெண்டு வாட்டி பாத்துதான் எடுப்பேன். அந்த வாரமே நீங்க சொல்லியிருந்தா, கட்டு அவுத்த மறுநாளே நான் கடலுக்குப் போயிருப்பேன்."

பஸ் வந்தது. ஏறும்போது வழக்கம்போல "வரேன் மாமா" என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த மாசி மகங்களுக்கும் அவன் வரவில்லை.

இப்போது கடற்கரையெல்லாம் பிளாஸ்டிக் கயாக் வந்துவிட்டது, லைஃப் ஜாக்கெட் வந்துவிட்டது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்தால், ஆளைப் பார்த்துத் துடுப்புக் கொடுப்பது எப்படி என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லிக் கொடுக்கிறேன், அதுவும் ஒரு தடவை தப்பியதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் நான் கற்ற பாடம் அது இல்லை. அவசரத்துக்கு எந்தக் கழியையும் பிடுங்குங்கள், ஒரு உயிரைக் காப்பாற்ற அது போதும் என்றால் யோசிக்காதீர்கள். பிடுங்கினதை அன்று சாயந்திரத்துக்குள் ஊரில் சொல்லிவிடுங்கள். நான் கழியைப் பன்னிரண்டு அடி தள்ளி நட்டது ஒரு தோளைத்தான் உடைத்தது. மறுநாள் காலை அதைச் சரியான இடத்தில் திரும்ப நட்டேனே, அதுதான் பழியை அவன் கண் மேலேயே போட்டு, தேசிங்கைக் கடலிலிருந்து ஒரேயடியாகக் கரையேற்றிவிட்டது.